கடி நின்றால் குணமா?

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த நலவாழ்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெண்கள் நலம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். புற்றுநோய், இதயநோய் என்று ஒரு பெரிய தலைப்பை அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் தெரிந்தெடுத்தது மிகச் சிறிய ஒன்று. தோலில் வரும் பங்கசுத் தொற்றும் அதற்குப் பூசுகின்ற கிறீமும். தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். ஆனால் இந்த மண்டபத்தில் இருக்கும் கைப்பைகளைத் திறந்து பார்த்தால், பாதி தீர்ந்த ஒரு ரியூப் பலவற்றில் இருக்கும் என்று துணிந்து சொல்வேன்.

நாள்தோறும் நான் பார்க்கும் வருத்தங்களில் இது ஒன்று. உயிரை எடுக்கும் வருத்தம் இல்லை. ஆனால் நித்திரையை எடுக்கும், படிப்பைக் குழப்பும், கணவன் மனைவிக்கிடையே சொல்ல முடியாத ஒரு தூரத்தை உண்டாக்கும். வருபவர்களில் பெரும்பாலோர் மாதக்கணக்கில் தாங்களாகவே எதையாவது பூசிய பிறகுதான் வருகிறார்கள். அந்தப் பூச்சுத்தான் பல வேளைகளில் வருத்தத்தை வளர்த்துவிட்டிருக்கிறது. ஆகவே இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விடயம்: கடி நின்றுவிட்டது என்பதற்காக வருத்தம் மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். மற்றெல்லாம் அதற்கு விளக்கம்.

முதலில் இந்தப் பங்கசு என்னவென்று பார்ப்போம். விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். பாணில் பூக்கும் பூஞ்சணமும் மழைக்கு முளைக்கும் காளானும் இந்த இனந்தான். தோலைப் பொறுத்தவரை மூன்று கூட்டத்தாரை அறிந்திருந்தால் போதும்.

முதற் கூட்டம் படர்தாமரையை உண்டாக்குவது. எங்கள் தோலின் மேற்படையிலும் முடியிலும் நகத்திலும் இருக்கும் கெரற்றின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது. வட்டமாகப் படரும். ஓரம் சிவந்து, சற்று உயர்ந்து, செதிலாக இருக்கும். நடு வெளிறிப் போகும். இடுப்பு, தொடையிடுக்கு, பின்பக்கம், மார்பின் கீழ் என்று வியர்வை தங்கும் இடங்களை விரும்பும். ஆங்கிலத்தில் இதற்குப் புழுவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே புழு எதுவும் இல்லை. கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தின் வேலைதான். இது ஆளிலிருந்து ஆளுக்கு ஒட்டும். வீட்டுப் பூனை, நாயிலிருந்தும் வரும்.

இரண்டாவது கன்டிடா என்னும் மதுவம். ஈரமான மடிப்புகளில் வரும். குழந்தையின் அணையாடைக்குள், பருத்த உடம்பின் மடிப்புகளில், பெண்ணுறுப்பில். நீரிழிவு உள்ளவர்களை இது விடாமல் தொந்தரவு செய்யும்.

மூன்றாவது தேமல். இதற்குக் காரணமான மலசீசியா எல்லோர் தோலிலும் குடியிருப்பது. எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும் சிலரில் அளவுக்கு மீறிப் பெருகும். இது அழுக்கால் வருவதில்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமில்லை. மருந்தால் பங்கசு அழிந்த பிறகும் வெளிறிய நிறம் பழையபடி திரும்ப மாதங்கள் எடுக்கும். அது தெரியாமல் மருந்து வேலை செய்யவில்லை என்று பூசிக்கொண்டே இருப்பவர்கள் பலர்.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லா மருந்தும் எல்லாவற்றுக்கும் சரிவராது. இதற்கு ஒரு நல்ல உதாரணம் நிஸ்டாட்டின். பெண்பிள்ளைகள் படிக்கும் கல்லூரியில் இதன் கதையைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆய்வுகூடங்களில் இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். எலிசபெத் ஹேசன் நியூயோர்க் நகரில் இருந்த நுண்ணுயிரியலாளர். றேச்சல் பிறவுண் அல்பனி நகரில் இருந்த இரசாயனவியலாளர். ஹேசன் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துத் தபாலில் அனுப்புவார். பிறவுண் அவற்றிலிருந்து பொருள்களைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். வேர்ஜினியாவில் ஒரு நண்பரின் பண்ணையில் எடுத்த மண்ணிலிருந்து கிடைத்த மருந்தை 1950இல் அறிவித்தார்கள். மனிதருக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடிய முதலாவது பங்கசு எதிர்ப்பு நுண்ணுயிர்க்கொல்லி அதுதான். நியூயோர்க் மாநிலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பின் உரிமைத்தொகையாக வந்த 13 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பணத்தில் தங்களுக்கென்று எதுவும் எடுக்காமல் விஞ்ஞான ஆய்வுக்கே கொடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு பெருமை உள்ள நிஸ்டாட்டின் கன்டிடாவுக்கு நல்ல மருந்து. படர்தாமரைக்கு அது உதவாது. குழந்தைக்குக் கொடுத்த நிஸ்டாட்டின் கிறீம் மிச்சம் இருக்கிறது என்று தாய் தன் இடுப்புப் படர்தாமரைக்குப் பூசினால் மருந்தும் வீண், நாளும் வீண். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகொனசோல் போன்றவை மூன்று கூட்டத்துக்கும் ஓரளவு பொதுவானவை. டெர்பினாபின் படர்தாமரைக்கென்றே பெயர் பெற்றது.

இனி முக்கிய விடயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் வரும் பலருடைய கதைகளைச் சேர்த்து ஒரு கதையாகச் சொல்கிறேன். இது எந்த ஒருவரையும் குறிப்பதல்ல. ஒரு பிள்ளைக்கு உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒரு வட்டம் வருகிறது. கடி தாங்க முடியவில்லை. தாயிடம் சொல்ல வெட்கம். கடையில் போய், "கடிக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கேட்கிறாள். கொடுக்கிறார்கள். பூசிய இரண்டாம் நாளே கடி நின்றுவிடுகிறது. சிவப்பும் மங்கிவிடுகிறது. நல்ல மருந்து என்று ரியூப்பை மூடி வைக்கிறாள். பத்து நாளில் திரும்ப வருகிறது, முன்னையதைவிடப் பெரிதாக. திரும்பப் பூசுகிறாள். திரும்ப நிற்கிறது. ஆறு மாதம் கழித்து என்னிடம் வரும்போது வயிறு, தொடை, முதுகு எங்கும் படர்ந்திருக்கிறது. வழக்கமான வட்டமும் இல்லை. தொடையில் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு வருவதுபோன்ற வரிகள். "டொக்டர், பூசினவுடனை நிண்டிடும், விட்டவுடனை வந்திடும்" என்கிறாள். ரியூப்பை வாங்கிப் பார்க்கிறேன். அதில் பங்கசு மருந்து இருக்கிறது. கூடவே பக்றீரியாவுக்கு ஒரு மருந்து. மூன்றாவதாக வலுவான ஒரு ஸ்டீரொயிட்.

அந்த மூன்றாவது பொருள்தான் இரண்டே நாளில் கடியை நிறுத்தியது. படர்தாமரையில் நாங்கள் காணும் சிவப்பும் கடியும் பங்கசை எதிர்த்து எங்கள் உடம்பு நடத்தும் போரின் அடையாளங்கள். ஸ்டீரொயிட் அந்தப் போரை நிறுத்திவிடுகிறது. காவல்காரனை நித்திரையாக்கினால் நாய் குரைக்காது, வீடு அமைதியாகத்தான் இருக்கும். கள்ளன் உள்ளே இருப்பான். தோலும் அப்படித்தான். பங்கசு தடையில்லாமல் பரவும், உள்ளே மயிர்க்கால் வரை இறங்கும். வட்ட உருவம் குலைந்துபோவதால் வைத்தியருக்கே அடையாளம் பிடிக்கக் கடினமாகும். 1968இலேயே பிரித்தானிய தோல் மருத்துவர்கள் இருவர் இதற்கு மாறுவேடம் பூண்ட படர்தாமரை என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரை இன்றும் பயன்படுத்துகிறோம்.

ஸ்டீரொயிட் கிறீம்கள் கெட்ட மருந்துகள் என்று நான் சொல்லவில்லை. எக்சிமா போன்ற வருத்தங்களுக்கு அவை பெரிய வரம். சரியான இடத்தில், சரியான வலுவில், சரியான காலத்துக்கு, ஒரு வைத்தியரின் கண்காணிப்பில் பூச வேண்டியவை. வருத்தம் என்னவென்று தெரியாமல் பூசும்போதுதான் தொல்லை. தோல் மெலியும். தொடையிடுக்கிலும் கக்கத்திலும் வரும் வரிகள் அழியாமல் நின்றுவிடும். முகத்தில் பூசினால் பருக்களும் சிவந்த நரம்புகளும் தோன்றும். கண்ணிமையில் நீண்டநாள் பூசினால் கண்ணுக்குள் அழுத்தம் கூடலாம், கண்புரை வரலாம். நிறம் வெளுக்கும் என்று கலியாணத்துக்கு முன் சிலர் முகத்துக்குப் பூசுவதும் இந்த ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைத்தான். விட்டதும் முகம் எரிந்து சிவக்கும்போது என்னிடம் ஓடி வருவார்கள்.

இது ஒரு வீட்டின் பிரச்சினையாக மட்டும் இருந்திருந்தால் இங்கே பேச வேண்டியதில்லை. அயலில் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அங்கே படர்தாமரை ஒரு கொள்ளைநோய் போலப் பெருகியது. முன்பு இரண்டு மூன்று கிழமையில் மாறியது மாதக்கணக்கில் மாறாமல் நின்றது. முழுக் குடும்பங்களுக்குத் தொற்றியது. டெர்பினாபினுக்கு அடங்காத ஒரு வகைப் பங்கசு பரவியிருப்பது தெரியவந்தது. 2020இல் யப்பானிய ஆய்வாளர்கள், அங்கு வந்திருந்த ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியரிடமும் இருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு அதைத் தனி இனமாக விவரித்து, இந்தியாவின் பெயர் வரும்படி டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். ஸ்டீரொயிட் கலந்த கிறீம்களைக் கட்டுப்பாடில்லாமல் வாங்கிப் பூசியது இந்த நிலைக்கு ஒரு முக்கிய காரணம் என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எச்சரித்தார்கள். 2018இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீரொயிட் பூச்சு மருந்துகளை வைத்தியரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று விதித்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. தோலுக்குப் பூசும் கலப்புக் கிறீம்களும் அவற்றுள் அடங்கும்.

இந்தப் பங்கசு கடவுச்சீட்டு எடுத்துப் பயணம் செய்வதில்லை. 2023 மே மாதத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயோர்க் நகரில் இரண்டு பெண்களுக்கு இந்தத் தொற்று இருந்ததை அறிவித்தது. ஒருவருக்கு வங்காளதேசத்தில் இருந்தபோது தொடங்கியிருந்தது. மற்றவர் வெளிநாட்டுக்கே போகாதவர். அப்படியானால் எங்களுக்கு எவ்வளவு தூரம்? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் போகிறது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியது. கோவிலுக்கும் சீலை எடுக்கவும் போய்வருபவர்களின் பைகளில் மலிவாகக் கிடைத்த கிறீம்களும் வருகின்றன. ரொறன்ரோ, லண்டன், பரிஸ் என்று எங்கள் பழைய மாணவிகள் எங்கிருந்தாலும் அவர்களுடைய பெட்டிகளிலும் அவை போய்ச் சேர்கின்றன.

சரி, அப்படியானால் கிறீமை எப்படிப் பாதுகாப்பாகப் பூசுவது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெட்டியின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது வியாபாரப் பெயர். சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. பீட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், பெக்ளோமெதசோன், டெக்சாமெதசோன், ஐதரோகோட்டிசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீரொயிட். படர்தாமரைக்கு நீங்களாக அதை வாங்க வேண்டாம். இன்னொரு பொறியும் உண்டு. குளோட்ரிமசோல் என்பது பங்கசு மருந்து. குளோபெட்டசோல் என்பது மிக வலுவான ஸ்டீரொயிட். இரண்டும் ஒரே எழுத்துகளில் தொடங்குகின்றன. தொலைபேசியில் சொல்லி வாங்கும்போது மாறிவிடலாம். அதேபோல ஒரே வியாபாரப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து மட்டும் கூடியிருக்கும். அந்த ஓர் எழுத்து ஸ்டீரொயிட் சேர்ந்திருப்பதைக் குறிக்கலாம். பாமசிக்குப் போனால், "கடிக்கு ஏதாவது தாங்கோ" என்று கேட்காதீர்கள். மருந்தாளரிடம், "ஸ்டீரொயிட் கலக்காத பங்கசுக் கிறீம்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, பூசும் இடம். கழுவி, ஈரம் முற்றாகத் துடைத்த பிறகே பூச வேண்டும். சிவந்த ஓரத்தில் நின்றுவிடாமல் அதற்கு வெளியே நல்ல தோலிலும் சுற்றிவர 2 சென்ரிமீற்றர் வரை பூசுங்கள். பங்கசு கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி ஏற்கெனவே நடந்திருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கிப் பூசுவது நல்லது. பூசிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது, அளவு. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீட்டாக எடுத்த கிறீம் ஏறத்தாழ அரைக் கிராம். அது வளர்ந்தவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும், விரல்களையும் சேர்த்து. இனி ஒரு சின்னக் கணக்கு. உங்கள் படர்தாமரை இரண்டு கையளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இருதரம் பூசினால் ஒரு கிராம். நான்கு கிழமைக்கு 28 கிராம். கடையில் விற்கும் ரியூப் பெரும்பாலும் 15 கிராம். அப்படியானால் ஏறத்தாழ இரண்டு ரியூப் வேண்டும். நான்கு கையளவு என்றால் நான்கு ரியூப். ஒரு ரியூப்பை மூன்று பேர் பங்குபோட்டு, "மருந்து சரியில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. அதைவிடப் பெரிய இடத்துக்குப் பரவியிருந்தால் கிறீமோடு மல்லுக்கட்ட வேண்டாம், வைத்தியரிடம் வாருங்கள்.

நான்காவது, காலம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். குளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்றவற்றை வழக்கமாக இரண்டு முதல் நான்கு கிழமை வரை பூச வேண்டும். கண்ணுக்கு மாறியதாகத் தெரிந்த பிறகும் ஒன்று இரண்டு கிழமை விடாமல் பூச வேண்டும். கலண்டரில் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். இரண்டு கிழமை ஒழுங்காகப் பூசியும் எந்த மாற்றமும் இல்லாவிட்டால், அல்லது கூடினால், வேறு கிறீம் தேடி அலையாமல் வைத்தியரைக் காணுங்கள். தோலைச் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பங்கசா இல்லையா என்று தெரிந்துவிடும். சுரண்டுவதால் நோவு இராது. அதற்கு முன்னர் கிறீம் பூசுவதைச் சில நாள் நிறுத்த வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

ஐந்தாவது, வீடு. வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து பூசி, மற்றவர் வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தால், தொற்று வட்டமடித்துத் திரும்பி வரும். எல்லோரும் ஒரே காலத்தில் வைத்தியம் செய்ய வேண்டும். துவாய், சீப்பு, படுக்கை விரிப்பு, உடுப்பு எதையும் பொதுவாகப் பாவிக்கக் கூடாது. விடுதியில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கேளுங்கள். தோழியின் உடுப்பை மாற்றிப் போடுவது அன்புதான், ஆனால் படர்தாமரைக்கும் அதுவே வழி. எங்கள் வயதுக்காரருக்கு 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வு மறக்காது. தென்மராட்சிப் பள்ளிக்கூட மண்டபங்களில் ஒரே பாயில் நாலு குடும்பத்துப் பிள்ளைகள் படுத்தோம். சவர்க்காரம் கிடையாத காலத்தில் பனம்பழம் போட்டு உடுப்புத் தோய்த்த வீடுகள் உண்டு. அன்று எங்களிடம் தெரிவு இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

ஆறாவது, உடுப்பு. இறுக்கமான ஜீன்சும் நைலோன் உள்ளாடையும் எங்கள் வெக்கைக்கு ஏற்றவை அல்ல. பருத்தி நல்லது. கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரக் குறுக்குக்கட்டோடு நின்று வேலை பார்க்காதீர்கள். உள்ளாடைகளை நன்றாகத் தோய்த்து வெயிலில் காயப்போடுங்கள். இதைச் சொல்லும்போது முன்வரிசை அம்மாமார் ஒருவரையொருவர் பார்க்கிறீர்கள். எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகளின் உள்ளாடை வெயிலைக் காண்பதில்லை. துவாய்க்கு அடியில், குளியலறை மூலையில், கதவுக்குப் பின்னால் என்று மறைத்துக் காயப்போடுவோம். காயாத உடுப்பு, ஈரத்தோடு திரும்ப உடம்புக்கு வரும். ஆண்பிள்ளையின் உடுப்பு முற்றத்துக் கொடியில் ஆடலாம் என்றால் பெண்பிள்ளையுடையதும் ஆடலாம். ஆடினால் மானம் போகாது.

இந்த வெட்கந்தான் உண்மையில் பெரிய வருத்தம். பெண்கள் வைத்தியரிடம் உடம்பைக் காட்டத் தயங்குவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1898இல் இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்றே மக்லியோட் மருத்துவமனையை மிசனரிப் பெண்கள் தொடங்கியதற்கு அந்தத் தயக்கமும் ஒரு காரணம். இன்று எங்கள் மருத்துவபீடத்தில் பெண்பிள்ளைகள் நிறைந்து படிக்கிறார்கள். பெண் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் நோய்க் கிளினிக் இருக்கிறது, அதற்குக் காசும் இல்லை. ஆனாலும் தொடையிடுக்கில் கடிக்கிறது என்று சொல்லத் தமிழில் வாய் வருவதில்லை. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே டொக்டர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. உடம்பின் எந்த உறுப்புக்கும் எங்கள் மொழியில் கௌரவமான சொல் உண்டு. அம்மாமார் அந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். "அங்கை கடிக்குது அம்மா" என்று பத்து வயதில் சொல்ல முடிந்த பிள்ளை, இருபது வயதில் கடையில் போய் இரகசியமாகக் கிறீம் வாங்க மாட்டாள்.

கிறீமால் மாறாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் தலையில் முடி உதிர்ந்து செதில் செதிலாக இருந்தால், அது பங்கசு என்றால், வாயால் எடுக்கும் மருந்து வேண்டும். நகத்துப் பங்கசுக்கும் கிறீம் பெரும்பாலும் போதாது. அந்தக் குளிசைகள் சில ஈரலைப் பாதிக்கக்கூடியவை. சில வேறு மருந்துகளோடு மோதும். ஆகவே உங்கள் அண்ணிக்குக் கொடுத்த குளிசையை நீங்கள் விழுங்க வேண்டாம். கர்ப்பிணிகள் குளிசை எதையும் கேளாமல் தொடவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுப்பவர்கள் மைக்கோனசோலை, அது வாயில் பூசும் ஜெல்லாக இருந்தாலும், வைத்தியரைக் கேளாமல் பாவிக்கக் கூடாது. வாபரினின் வேலையை அது கூட்டி இரத்தப்போக்கை உண்டாக்கலாம். திரும்பத் திரும்பப் பங்கசு வருபவர்கள் ஒருதரம் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். நீரிழிவு இருப்பதே இப்படித்தான் சிலருக்குத் தெரியவந்திருக்கிறது.

இன்னொன்றைச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வெளிறிய ஒரு தழும்பு, கடியும் இல்லை, தேமல் என்று எண்ணி மாதக்கணக்கில் கிறீம் பூசுகிறீர்கள், மாறவில்லை. அந்த இடத்தில் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தொடுவது தெரியாவிட்டால், மரத்துப்போயிருந்தால், உடனே வைத்தியரிடம் வாருங்கள். அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். எங்கள் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் புதிய தொழுநோயாளர் கண்டறியப்படுகிறார்கள். இலவச மருந்து இருக்கிறது. நேரத்தோடு தொடங்கினால் முற்றாகக் குணமாகும், ஊனம் வராது. தவறான கிறீமைப் பூசிக் கடத்தும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்குச் சேதம்.

கைவைத்தியம் பற்றியும் கேட்பீர்கள். வண்டுகொல்லி இலையை அரைத்துப் படர்தாமரைக்குப் பூசுவது எங்கள் பாட்டிமாரின் வழக்கம். அந்தச் செடிக்குப் பங்கசை எதிர்க்கும் குணம் உண்டு என்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் உள்ளியை அரைத்துக் கட்டுவது, எலுமிச்சம்புளியைத் தேய்ப்பது, மயில்துத்தம் பூசுவது எல்லாம் தோலைச் சுட்டுவிடும். உள்ளி கட்டிக் கொப்புளித்த தொடைகளை நான் பார்த்திருக்கிறேன். வெந்த தோலில் பிறகு பக்றீரியாவும் சேர்ந்துகொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் என் அன்பான அக்காமாருக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்கு வரும்போது சொக்கிளேற்றோடு, சவர்க்காரத்தோடு, ஒரு பை நிறையக் கிறீம்களும் கொண்டுவந்து சொந்தக்காரருக்குப் பகிர்ந்து கொடுக்கிறீர்கள். அது எவ்வளவு அன்போடு செய்யப்படுவது என்று எனக்குத் தெரியும். கஷ்ட காலத்தில் அப்படி வந்த மருந்துகளால் பிழைத்தவர்கள் நாங்கள். ஆனால் உங்கள் மகனின் எக்சிமாவுக்கு உங்கள் வைத்தியர் எழுதிய கிறீம், இங்கே உங்கள் தங்கையின் படர்தாமரைக்கு நஞ்சாகும். திரும்பிப் போகும்போது இங்கிருந்து ரியூப்களை வாங்கிக்கொண்டு போவதும் அப்படித்தான். அங்கே உங்கள் வைத்தியர் என்ன பூசினீர்கள் என்று கேட்கும்போது பெயர் சொல்லத் தெரியாமல் நிற்பீர்கள். மருந்து கொடுக்க விரும்பினால் பாமசிக் காசைக் கொடுங்கள், வைத்தியரிடம் கூட்டிப்போக ஓட்டோக் காசைக் கொடுங்கள்.

ஏற்கெனவே கலப்புக் கிறீம் பாவித்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். பயப்பட வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் இன்றிரவே எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நீண்டநாள் பூசிய ஸ்டீரொயிட்டை நிறுத்தும்போது கடியும் சிவப்பும் சில காலம் முன்னரைவிடக் கூடும். அது தெரியாதவர்கள் பயந்து பழைய ரியூப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த ரியூப்பை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். எத்தனை மாதம், எந்த இடத்தில் பூசினீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். எப்படி நிறுத்துவது, என்ன தொடங்குவது என்பதை அவர் சொல்வார். குணமாக மாதங்கள் எடுக்கலாம். குணமாகும்.

எங்கள் சங்கம் நூறு ஆண்டு நிறைவில் பல நல்ல திட்டங்களை அறிவித்திருக்கிறது. செலவில்லாத ஒன்றை நானும் கேட்டுக்கொள்கிறேன். விடுதிப் பிள்ளைகளுக்குத் தவணைக்கு ஒருமுறை ஒரு பெண் வைத்தியரோடு கதைக்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள். ஆசிரியர்கள் இல்லாமல், பெயர் எழுதாமல், கேள்வியைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். முதல் தவணைக்கு நான் வருகிறேன். விடுதியின் பின்வளவில் வெயில் படும் இடமாகப் பார்த்து, பிள்ளைகளின் உள்ளாடைக்கென்று இரண்டு கொடியும் கட்டிக் கொடுங்கள்.

கேள்வி கேட்க வெட்கமாக இருப்பவர்கள் தேத்தண்ணி நேரத்தில் என்னிடம் வரலாம். கைப்பையில் இருக்கும் ரியூப்பையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.